எத்தனை லிட்டர் காற்று

...எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்டிருக்க வேண்டாம், வேறு என்னென்னவோ கேட்டிருக்கலாம், தையல் எத்தனை போடுவீர்கள், எப்போது வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், எண்ணெய்ப் பலகாரம் இனிமேல் தின்னலாமா கூடாதா, ஊரில் உள்ள புருஷன்மார் எல்லாம் கேட்கிற கேள்விகள், அதை எல்லாம் விட்டுவிட்டு இந்தப் பாழாய்ப்போன வாய் போய் அதையா கேட்க வேண்டும், நாற்பது வயது ஆகப்போகிறது, வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் போடத் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான் பெருமாள்ராஜ். தேன்மொழியை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது மணி பத்து இருபது. பித்தப்பையில் கல், வயிற்றைக் கிழிக்க வேண்டாம், நாலு சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம், முக்கால் மணி நேர வேலைதான் என்று நேற்று டாக்டரம்மா ஜயலக்ஷ்மி சொல்லியிருந்தார். இப்போது பதினொன்று ஐந்து. அப்படியென்றால் முக்கால் மணி நேரம் முடிந்தது, கதவு திறக்க வேண்டியதுதான், திறக்கவில்லை, முக்கால் என்றால் டாக்டர்கள் கணக்கில் ஒரு மணி நேரமாக இருக்கும், ரிஜிஸ்தர் ஆபீசில் நாமே பத்து நிமிஷம் என்று சொல்லி ஆளை மத்தியானம் வரைக்கும் உட்கார வைப்பதில்லையா, அதுபோலத்தான் என்று நினைத்துக்கொண்டான்.

மடியில் ஒரு ஜிப் கவர் இருந்தது. தேன்மொழியின் தாலிச் சங்கிலி, மெட்டி இரண்டு, தோடு, ஆறு கண்ணாடி வளையல், எல்லாவற்றையும் கழற்றி நர்ஸ் ஸமீஹா அதில் போட்டு, சரிபார்த்துக்கிடுங்கண்ணே என்று அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். தாலியைக் கழற்றச் சம்மதிக்காமல் மாமியார் இசக்கியம்மா ஒரு பாடு சண்டை பிடித்து, கடைசியில் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிட்ட பிறகுதான் கழற்ற விட்டாள். கவரை மூடும்போது காற்றும் சேர்ந்து உள்ளே அடைபட்டுவிட்டது போல, உப்பிப்போய் இருந்தது. அவன் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, பைய அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மறுபடி மூடினான். மூடிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஒரு சாதாரணக் கவர், அதில் காற்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறு எவனாவது இதைக் கவனிப்பானா, இல்லை, எவனும் கவனிக்க மாட்டான், தனக்குத்தான் இப்படி, எதைப் பார்த்தாலும் அங்கேதான் போய் நிற்கும், கல்யாண வீட்டு பலூன், சாயாக்கடையில் எண்ணெய்க்குள் எழும்புகிற பூரி, ஆற்றில் குளிக்கும்போது காற்று புகுந்து முதுகில் எழும்புகிற வேட்டி, எல்லாம். கவரைச் சட்டைப்பைக்குள் வைத்தான். அங்கே ஏற்கெனவே போன் இருந்தது. தாலியும் போனும் ஒரே பையில் இருக்கலாமா என்று ஒரு யோசனை வந்து, போனை எடுத்துக் கால்சட்டைப் பைக்கு மாற்றினான்.

இசக்கியம்மா எதிர்வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்த பெண்ணோடு பேச்சை ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் களக்காட்டுக்காரியாம், அவள் புருஷனுக்குக் குடலிறக்கமாம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற இடத்தில் முப்பது வருஷம் இருந்தவள் இசக்கியம்மா, நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் வாயும் கையும் ஒன்றாக ஓடும், இங்கே கைக்கு வேலை இல்லாததால் வாய்க்கு இரட்டை வேலை. மருமகனைப் பற்றித்தான் பேச்சு. குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான் பெருமாள்ராஜ். "எங்க மாப்ள பத்திரம் எழுதுதாவ, சேரமாதேவில கேட்டா எல்லாருக்கும் தெரியும். ஒரு வார்த்த விடமாட்டாவ. நேத்து டாக்டரம்மாட்டயே, வயித்துக்குள்ள எத்தன லிட்டரு காத்து போடுவியன்னு கேட்டுட்டாவல்லா. டாக்டரே ஒரு நிமிசம் முழிச்சிட்டாவ." களக்காட்டுப் பெண், அப்படி ஒரு புருஷன் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அவனைத் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது ஆள், லிப்டுக்காரரிடம் ஒரு தடவை, கேன்டீன் அம்மாளிடம் ஒரு தடவை, இன்னும் சாயங்காலத்துக்குள் பாளையங்கோட்டை முழுக்கத் தெரிந்துவிடும். அவர்களில் யாராவது ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், இதை எதற்கு ஒருத்தன் கேட்பான் என்று நின்று யோசித்தால் போதும். அவனுக்குக் காது மடல் சுட்டது.

நேற்று நடந்தது இவ்வளவுதான். டாக்டரம்மா மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்து, இது படுத்திருக்கிற வயிறு என்றார். அதற்கு மேலே மலைபோல ஒரு வளைவு போட்டு, உள்ளே வாயுவை விட்டு இப்படி உப்ப வைப்போம், அப்போதுதான் கேமராவுக்கு இடம் கிடைக்கும், முடிந்ததும் காற்றை எடுத்துவிடுவோம், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொன்ன பேச்சு, சோறு வடிக்கிறதைச் சொல்கிற மாதிரி சொன்னார். பெருமாள்ராஜுக்கு அந்த இரண்டாவது கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. வேறு ஏதாவது கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தான், வந்தது அது. டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்து, அது ஆளைப் பொறுத்து என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். தேன்மொழி அவனைப் பார்க்கவே இல்லை. முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள், அதை அவன் பார்த்தான். பிறகு சம்மதப் பத்திரத்தை நீட்டினார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிற கண், எழுத்துப்பிழை இரண்டு உடனே தட்டுப்பட்டது, நாலாவது வரியில் வயிற்றுக்குள் வாயு செலுத்துவதற்கும் அதனால் ஏற்படக்கூடிய விளைவுகளுக்கும் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன் என்று இருந்தது. மனப்பூர்வமாக. எத்தனை ஆயிரம் தடவை எழுதிய வார்த்தை, அதன் கீழே கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. மனைவி மேல் உசுரு, அதான் கை நடுங்குது என்று இசக்கியம்மா அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னாள்.

உசுருதான். அதில் என்ன பொய் இருக்கிறது, பதினோரு வருஷம் கூட இருந்தவள், தையல் மிஷின் சத்தம் கேட்காவிட்டால் வீட்டுக்குள் காலே வைக்கப் பிடிக்காது அவனுக்கு. ஆனால் உசுருக்குப் பக்கத்திலேயே அதுவும் உட்கார்ந்திருக்கிறதே, அதை என்ன செய்ய. அது என்ன என்று ஒருத்தருக்கு எழுதிக் கொடு என்றால் அவனுக்கு எழுதத் தெரியாது, எந்தச் சொத்துக்கும் நான்கெல்லை எழுதிவிடுவான், இதற்கு எல்லை எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு பெண் நிற்பாள், படத்தில், பெரும்பாலும் கையால் வரைந்த படம்தான். அவள் வயிறு உப்பும். கன்னம், தோள், விரல் நுனி வரைக்கும் காற்று ஏறும். பந்துபோல உருண்டு கடைசிப் படத்தில் தரையை விட்டு எழும்பி, தலை முகட்டில் இடிக்க மிதந்துகொண்டிருப்பாள், முகத்தில் ஒரு ஆச்சரியம், கொஞ்சம் சிரிப்பு. ஒரு படத்திலும் ஒருத்திக்கும் வலிக்காது. மற்ற ஆண்களுக்கு எதை எதையோ பார்த்தால் உடம்பு சூடாகும், அவனுக்கு இதைப் பார்த்தால். கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது இருபத்தைந்து வயதில் தற்செயலாக ஒரு படம் கண்ணில் பட்டு, அட, இது வேறு ஆளுக்கும் இருக்கிறதா என்று அறைக்குள் தனியாக உட்கார்ந்து அழுதிருக்கிறான். உலகம் பூராவும் இருக்கிறார்களாம், வரைகிறவர்கள், கதை எழுதுகிறவர்கள், ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு அதற்குள் காற்றடித்து உருண்டு நிற்கிறவர்கள், அதற்கென்று கூட்டம், பேச்சு, சட்டதிட்டம். அந்தக் கூட்டத்தில் நேந்திரன் என்ற பெயரில் களக்காட்டு ஆள் ஒருத்தர்கூட இருந்தார், முகம் தெரியாது. "இது நோயில்ல வே, சில பேருக்குப் பாவக்கா பிடிக்கும்லா, அது மாதிரி" என்று ஒரு தடவை எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ நாளை ஓட்டியிருக்கிறான். களக்காட்டுப் பெண்ணின் புருஷன்... சே, களக்காட்டில் ஆயிரம் பேர், குடலிறக்கம் வந்தவன் எல்லாம் நேந்திரனா, புத்தி எங்கே போகிறது பார்.

பதினொன்று இருபத்தைந்து. உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும், பச்சைத் துணி போர்த்தியிருப்பார்கள், அந்தத் துணி நடுவில்... வேண்டாம், நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்று நினைப்பதும் நினைப்புதானே, வேறு எதையாவது நினைக்கலாம், நேற்றுப் பாதியில் விட்டு வந்த கிரையப் பத்திரம், கிழக்கே வாய்க்கால், மேற்கே சுடலைவடிவு நிலம், வடக்கே வண்டிப்பாதை, தெற்கே... தெற்கே என்ன, மறந்துவிட்டது. பத்திரத்தில் ஒரு வரி வரும், மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லை, பிற்பாடு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் நானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பேன் என்று. தேன்மொழியைப் பெண் பார்க்கப் போனபோது அவள் அண்ணன் பிச்சைக்கண்ணு, மாப்பிள்ளைக்குக் குடி உண்டா, பீடி உண்டா என்று விசாரித்தான். இதை யார் விசாரிப்பார்கள், எந்த ஆபீசில் சான்று கேட்பார்கள். மறைத்துத்தானே கட்டினான். சில நேரம் அவளிடம் சொல்லிவிடலாமா என்று தோன்றும். சொல்ல என்ன வார்த்தை இருக்கிறது. தமிழில் வார்த்தையே இல்லாத ஒன்றைத் தேன்மொழியிடம் எப்படித் தொடங்குவது, ஏட்டி, எனக்கு ஒரு பழக்கம் உண்டு என்றா. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நூலை அறுத்துவிட்டு, என்ன பழக்கம் என்று கேட்பாள்.

படங்கள் எல்லாம் போனில்தான் இருந்தன, நானூற்றுப் பன்னிரண்டு. பூட்டுப் போட்டு வைத்தால் பூட்டு எதற்கு என்று கேள்வி வரும், அதனால் பூட்டாமல், பழைய பத்திர நகல் என்று பெயர் போட்டு ஒரு போல்டரில் வைத்திருந்தான். பழைய பத்திரத்தை ஆசைப்பட்டு எவன் திறந்து பார்ப்பான். தன்னுடைய அந்த யோசனை பற்றி அவனுக்கு ரகசியமாக ஒரு பெருமைகூட உண்டு. பங்குனி மாதம் ஒரு தடவைதான் நெஞ்சு நின்றுவிட்டது. போனைச் சார்ஜில் போட்டு வீட்டிலேயே மறந்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டான், அன்றைக்குப் பார்த்துப் பிச்சைக்கண்ணு கல்லிடைக்குறிச்சி வீட்டுப் பத்திர நகல் உடனே வேண்டும் என்று தங்கச்சிக்குப் போன் போட்டிருக்கிறான். பிச்சைக்கண்ணு ஆபீஸ் நம்பருக்கும் கூப்பிட்டுச் சொன்னதில் விஷயம் தெரிந்து, பாதி எழுதிய பத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். தேன்மொழி மிஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை வைத்துக்கொண்டிருந்தாள். பத்திரம் கிடைக்கவில்லை, அண்ணன் வேறு எங்கேயோ வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான் என்றாள். அவ்வளவுதான். முகத்தை உற்று உற்றுப் பார்த்தான், ஒரு மாற்றமும் இல்லை, அன்றைக்கு ராத்திரி அவனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சொதி வைத்தாள். பார்த்திருந்தால் சொதி வைப்பாளா. பார்க்கவில்லை என்று அன்றைக்கே அவன் முடிவு செய்துகொண்டான்.

ஆனாலும் அவளுக்கு அவன் ஒரு பாவம் செய்திருக்கிறான், அது படம் பார்த்த பாவம் இல்லை. ஆவணியில் பிச்சைக்கண்ணு மகள் கல்யாணம். இரண்டு பாயசம், மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து, மத்தியானம் வீட்டில் தரையில் மல்லாந்து படுத்தாள் தேன்மொழி. இவர்களுடைய மகள் இன்னும் கல்யாண வீட்டிலேயே இருந்தாள், வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். "என்னங்க, இங்கன வாங்களேன். வயிறு பான மாதிரி ஆயிட்டு, தொட்டுப் பாருங்க" என்று அவன் கையைப் பிடித்துச் சேலையை விலக்கி வயிற்றின் மேல் வைத்தாள். பறைபோல இறுகி, உருண்டு, சூடாக இருந்தது. அவனுக்குக் கண் இருட்டிவிட்டது. இன்னும் ஒரு நொடி கை அங்கே இருந்தால் எல்லாம் தெரிந்துவிடும், மூச்சே காட்டிக் கொடுத்துவிடும் என்று, தீயில் பட்டதுபோல் கையை உருவிக்கொண்டு, ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஆற்றுப்பாலத்தில் ஒரு மணி நேரம் நின்றான். திரும்பி வந்தபோது அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு அவன் முன்னால் அவள் அப்படிப் படுத்ததே இல்லை. ராத்திரி இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ள ஆரம்பித்தாள், ஏன் என்று கேட்டால் வயசாகிறதில்லையா என்பாள். தன் உடம்பைப் பார்த்தால் புருஷனுக்கு அருவருப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள், வேறென்ன நினைப்பாள், எந்தப் பொம்பளையும் அப்படித்தான் நினைப்பாள். இல்லை தாயே, நேர் எதிர் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அரைகுறையாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் கல் வந்ததோ என்றுகூட இப்போது ஒரு பயம் அரித்தது.

பதினொன்று ஐம்பது. ஒன்றரை மணி நேரம். இசக்கியம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டாள், அது இன்னும் பயமாக இருந்தது. பச்சைச் சட்டை போட்ட ஒருத்தர் வேகமாக உள்ளே போனார், கதவு ஆடி நின்றது. காற்று கூடிப்போனால் என்ன ஆகும். கேட்க வேண்டிய கேள்வி அதுதான், எத்தனை லிட்டர் இல்லை, கூடிப்போனால் என்ன ஆகும் என்று. அவனுக்குத் தெரியும் என்ன ஆகும் என்று, பார்த்திருக்கிறான். படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த வருஷம், கோயில் கொடையில் மிஞ்சிய சோற்றை யாரோ தொட்டிக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போக, மயிலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அவ்வளவையும் தின்றுவிட்டது. இடப்பக்கம் உப்ப ஆரம்பித்தது. அப்பா நல்லெண்ணெய் ஊற்றினார், வாயில் குறுக்கே வேப்பங்கம்பைக் கட்டினார், டாக்டர் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள், வயிறு ஏறிக்கொண்டே போனது, தட்டினால் கும்கும் என்று சத்தம், மாடு நாக்கைத் தள்ளி அவனைப் பார்த்தது. எல்லாரும் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், அவன் மட்டும் நின்ற இடத்தில் நின்று அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பயத்தில் நின்றானா, வேறு எதிலாவது நின்றானா, பதினேழு வருஷமாகத் தன்னிடமே கேட்டுப் பதில் வரவில்லை. டாக்டர் வந்து சேர்வதற்குள் மாடு போய்விட்டது. படத்தில் யாரும் சாவதில்லை, மிதப்பார்கள், அவ்வளவுதான். மாடு மிதக்கவில்லை. இங்கே உள்ளே படுத்திருப்பது படம் இல்லை, தேன்மொழி. தான் ராத்திரி ராத்திரியாக எதை ஆசைப்பட்டுப் பார்த்தோமோ அதையே எடுத்து அவள் மேல் போட்டுவிட்டதோ தெய்வம், இந்தா, கேட்டாய் அல்லவா, பார்த்துக்கொள் என்று.

எழுந்தான். மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பலகை அடித்து, பிள்ளையாரும் மாதாவும் மெக்காவும் பக்கம் பக்கமாக வைத்திருந்தார்கள், ஊதுவத்தி பாதி எரிந்து அணைந்திருந்தது. தன் ஊர் முப்பிடாதி அம்மன் அங்கே இல்லை, இருந்தாலும் இவர்கள் சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் கும்பிட்டான். தாயே, அவளை முழுசாகக் கொடு, நான் இதை விட்டுவிடுகிறேன், இன்றைக்கே, இப்போதே. நேர்ச்சையைப் பிற்பாடு என்று வைத்தால் தெய்வம் நம்பாது, பத்திர எழுத்தன் வாய்தா எல்லாம் தெய்வத்துக்குத் தெரியும். போனை எடுத்துப் பழைய பத்திர நகலைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அழி என்பதைத் தொட்டான். நானூற்றுப் பன்னிரண்டும் போய்விட்டன. ஒரு நொடி தலை லேசானது. அடுத்த நொடி திரையில் ஒரு வரி வந்தது, அழித்தவை முப்பது நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குள் வேண்டுமானால் மீட்டுக்கொள்ளலாம் என்று. இது என்ன வில்லங்கம். முப்பது நாள் தவணை வைத்த விடுதலைப் பத்திரம் தெய்வத்திடம் செல்லுமா. குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் நேர்ச்சை முழுசாகும். விரல் அதன் மேல் போய் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அவள் உயிர் உள்ளே கிடக்கிறது, இங்கே இந்த விரலுக்கு மனசு வரவில்லை, நீ எல்லாம் மனுஷனா லே என்று தன்னையே கேட்டான். அப்போதுதான் மேலே கதவு திறக்கிற சத்தமும், தேன்மொழி கூட வந்தவங்க யாரு என்று கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. போனைப் பைக்குள் திணித்துக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறினான்.

ஸமீஹா நின்றிருந்தாள். கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பி. அவள் முகத்தைப் பார்த்தான், முகமூடி, கண் மட்டும்தான் தெரிந்தது, கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. எதற்குக் கூப்பிட்டாள், ரத்தம் வேண்டுமா, இன்னொரு கையெழுத்தா, இல்லை... டப்பியை அவன் முன்னால் நீட்டினாள். உள்ளே ஏழு கல், பச்சையும் கறுப்புமாக, கொண்டைக்கடலை மாதிரி. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டுண்ணே, பை கொஞ்சம் ஒட்டிப் பிடிச்சிருந்தது, அதான் நேரமாயிட்டு, அரை மணி நேரத்துல வந்து பார்க்கலாம் என்றாள். இசக்கியம்மா டப்பியை வாங்கி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, பாதகத்தி, இவ்வளவையும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா ஜாக்கெட்டு தச்சா என்று அழுதாள். அழுதுகொண்டே களக்காட்டுப் பெண்ணிடம் காட்டப் போனாள். பெருமாள்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டைப்பையில் தாலி நெஞ்சில் குத்திக்கொண்டு கிடந்தது, குத்தட்டும் என்று விட்டுவிட்டான்.

உள்ளே கூப்பிட்டபோது மாமியாரை முதலில் அனுப்பினான். அவள் பார்த்து, திருநீறு பூசி, இன்னொரு பாட்டம் அழுதுவிட்டு, மகளுக்குக் கஞ்சி எப்போது கொடுக்கலாம் என்று கேட்க வெளியே வந்த பிறகு போனான். தேன்மொழி கண்ணை மூடிப் படுத்திருந்தாள், உதடு வெடித்திருந்தது, கழுத்தில் மஞ்சள் கயிறு. போர்வைக்குள் வயிறு எப்படி இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று முகத்தையே பார்த்தான். வலிக்கிறதா என்று கேட்டான். வயிறு அவ்வளவு இல்லை, தோள்தான் கடுக்கிறது, உள்ளே மிச்சம் இருக்கிற காற்று தோளில் போய் நிற்குமாம், இரண்டு நாளில் போய்விடுமாம் என்று நாக்குக் குழறிச் சொன்னாள். அவன் தோளைப் பிடித்துவிட்டான். கொஞ்ச நேரம் தூங்குகிறாள் என்றே நினைத்தான். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "மூணு லிட்டராம்." அவனுக்குப் புரியவில்லை, என்னது என்றான். "நேத்து டாக்டர்ட்ட கேட்டீங்கல்லா, அவுங்க சொல்லல. மயக்கம் குடுக்கதுக்கு முன்ன அந்த நர்ஸ் புள்ளட்ட நான் கேட்டேன். எனக்கு மூணு லிட்டர் போதுமாம்." உதட்டு ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, மருந்து மயக்கமா என்று தெரியவில்லை.

உயிரைப் பணயம் வைத்து உள்ளே போகிறவள், மகளைப் பற்றிக் கேட்கவில்லை, தாலியைப் பற்றிக் கேட்கவில்லை, இதைக் கேட்டு வைத்துக்கொண்டு போயிருக்கிறாள், அவனுக்காக. அப்படியென்றால் தெரியும். எப்போதிலிருந்து. நேற்று அந்தக் கேள்வியிலிருந்தா, ஒரு கேள்வியை வைத்து யாரும் இவ்வளவு கண்டுபிடிக்க முடியாது. பழைய பத்திர நகல். அண்ணனுக்குப் பத்திர நகல் வேண்டும், புருஷன் போன் கையில் இருக்கிறது, உள்ளே பழைய பத்திர நகல் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறக்காமல் வேறு எதைத் திறப்பாள். ஊரில் எல்லாரும் வந்து கேட்கிற பொருளின் பெயரையே ஒளித்து வைக்கிற பெட்டிக்கு எழுதி ஒட்டியிருக்கிறான், பத்திர எழுத்தனைத் தவிர வேறு எந்த மடையன் செய்வான் இதை. பங்குனியில் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுத்தான் சொதி வைத்தாள். பங்குனி, சித்திரை, வைகாசி... பங்குனிக்குப் பிறகுதானே ஆவணி. அவன் கை அவள் தோளில் நின்றுவிட்டது. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்து, இங்கன வாங்களேன் என்று கூப்பிட்டு, பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் செய்யாததைச் செய்து, அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தவள், எல்லாம் தெரிந்துதான் வைத்தாள். மூன்று தடவை சோறு வாங்கியது எதற்கு என்று இப்போதுதான் அவனுக்கு விளங்கியது, கையை உருவிக்கொண்டு போய் அவன் ஆற்றுப்பாலத்தில் நின்ற அந்த ஒரு மணி நேரம் அவள் தனியாக என்ன நினைத்துக்கொண்டு கிடந்தாள் என்பது மட்டும் விளங்கவில்லை. அதைக் கேட்க வாயைத் திறந்தான். நர்ஸ் சொல்லித் தெரிந்திருக்கும்போல, வாசலில் இசக்கியம்மா யாரிடமோ மூணு லிட்டராம், மூணு லிட்டராம் என்று சொல்லிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. தேன்மொழி அவன் கையைத் தேடிப் பிடித்து, தையல் போட்ட இடம் படாமல் போர்வைக்கு மேலே ஓரமாக வைத்தாள். அவன் எடுக்கவில்லை, மாமியார் உள்ளே வந்த பிறகும் எடுக்கவில்லை.